மொசைக் வேலைக்கு எந்தப் பசை, எந்தத் தளம்? டெல்டா வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

உடைந்த டைல்ஸ், பழைய கண்ணாடி வளையல், வேளாங்கண்ணிக் கடையில் வாங்கிய சிப்பி, கைப்பிடி போன பீங்கான் கோப்பை என்று சேர்த்து வைத்திருப்பவர்கள் பலர். இப்படிப்பட்ட துண்டுகளை ஒரு பரப்பில் ஒட்டி வடிவமாக்குவதுதான் மொசைக். வேலையைத் தொடங்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்: ஃபெவிகால் போதுமா, டைல்ஸ் ஒட்டும் பசை வாங்க வேண்டுமா, கொத்தனாரை வைத்து சிமென்ட்டிலேயே பதித்துவிடலாமா, அரால்டைட் வாங்கலாமா? காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டிலிருந்து வருபவை. அவை உறைபனியில் வெடிப்பதைப் பற்றி எச்சரிக்கும். தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் உறைபனி இல்லை. ஐப்பசி அடைமழையும், உப்பு ஏறிய போர்த் தண்ணீரும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண்ணும்தான் நம் பிரச்சினை.

பொருளை வைக்கப்போகும் இடம் பசையை முடிவு செய்யட்டும். பசை சில்லை, அதாவது ஒட்டும் துண்டை, முடிவு செய்யட்டும். அழகான சில்லைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கேற்பத் தேடுவது தலைகீழ் வரிசை. மொசைக் உதிர்ந்த இடங்களைக் கவனித்தால், மேலே பெய்த மழையைவிட, பின்னாலிருந்து ஊறிவந்த ஈரமே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஈரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? கூடத்துச் சுவரில் மாட்டும் பலகைக்கு ஈரமே இல்லை. திண்ணைத் தூணுக்குச் சாரல் மட்டும். செடி வைத்த மண்தொட்டிக்கு உள்ளிருந்து தினமும் ஈரம். இந்த மூன்றுக்கும் ஒரே பசை ஆகாது.

சில்லு தண்ணீரை உறிஞ்சுமா? சுவர் டைல்ஸின் பின்பக்கம், சீமை ஓடு, சுட்ட மண் ஆகியவை உறிஞ்சும். கண்ணாடி, விட்ரிஃபைட் டைல்ஸ், பளபளப்பான பீங்கான் ஆகியவை ஏறக்குறைய உறிஞ்சாது. வெறும் சிமென்ட், உறிஞ்சும் பொருளைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியின் வழுக்குப் பரப்பில் அதற்குப் பிடிப்பு இல்லை.

உப்பு. கடலோர ஊர்களில் கலவைத் தண்ணீரிலேயே உப்பு இருக்கும். சிப்பியில் இருக்கும். பழைய செங்கல் சுவரில் இருக்கும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகி, வெள்ளையாகப் பூக்கும். சில்லுக்குப் பின்னால் பூத்தால் அதைத் தள்ளிவிடும். கலவைக்கு நல்ல குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள்.

மிச்சம். ஒரு சதுர அடி வேலைக்கு 20 கிலோ பை வாங்கினால் மீதி என்ன ஆகும் என்பதும் செலவுக் கணக்கில் சேரும்.

## வழி 1: வெள்ளைப் பசையும் பிளைவுட்டும்

ஃபெவிகால் போல, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான். மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், கையில் பட்டால் கழுவிவிடலாம். காயும் வரை சில்லை நகர்த்தித் திருத்தலாம் என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே நல்லது. காய்ந்தபின் நிறமற்றுப் போவதால் வளையல் துண்டுகளின் நிறம் மங்காது.

தஞ்சாவூர் ஓவியமும் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத்தூள் கலவையில் எழுப்பி, கண்ணாடிக் கற்களையும் தங்க ரேக்கையும் பதித்த கலப்புப் பொருள் வேலைதான். அது நீண்ட காலம் நிற்கிறது என்றால், பூஜையறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஈரம் படாமல் இருப்பதால். வெள்ளைப் பசை வேலைக்கும் அதே பாதுகாப்பு தேவை. தண்ணீர் தொடர்ந்து பட்டால் பசை மீண்டும் இளகும். தச்சர்களுக்கென்று நீர் தாங்கும் வகைகள் உண்டு. அவையும் அடைமழையில் நிற்கும் பொருளுக்கானவை அல்ல.

பிளைவுட் வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரநிலை முத்திரையோடு எம்.ஆர். என்று இருந்தால் அது உள்வேலைக்கு மட்டும். ஐ.எஸ். 710 என்றால் மரைன் வகை. சமையலறைக்கும் கைகழுவும் இடத்துக்கு அருகிலும் இதுவே தகும். இரண்டடிக்கு இரண்டடி மேசைப்பலகைக்கு 12 மி.மீ. கனம் வேண்டும். 1 பங்கு பசை, 4 பங்கு தண்ணீர் கலந்து இரு பக்கமும், நான்கு விளிம்பும் பூசிக் காயவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். பிறகு கட்டர் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. இந்தப் பசை தண்ணீர் வெளியேறித்தான் காய்கிறது; கண்ணாடிப் பாட்டிலின் மேல் கண்ணாடிச் சில்லை ஒட்டினால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் நடுவில் நாள்கணக்கில் வெள்ளையாகவே கிடக்கும். அடுத்தது கிரவுட், அதாவது சில்லுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை நிரப்பும் கலவை. 24 மணி நேரமாவது காயாமல் கிரவுட் பூசினால் அதன் ஈரத்திலேயே சில்லுகள் அசையும். கார்த்திகை மாத ஈரக்காற்றில் மூன்று நாள் விடுங்கள்.

மறைசெலவு எடை. நான்கு சதுர அடி மேசைப்பலகை டைல்ஸோடு ஏறக்குறைய 10 கிலோ வரும். கால்கள் அதற்கேற்ப இருக்க வேண்டும். சுவரில் மாட்டும் பலகைக்கு ஒற்றை ஆணி போதாது. ராவல் பிளக் போட்டு இரண்டு ஸ்குரூ.

## வழி 2: டைல் பசையும் சிமென்ட் தளமும்

வெளிப்புற வேலைக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். சிமென்ட், பொடி மணல், பாலிமர் கலந்து பையில் வரும் தூள். அந்தப் பாலிமர்தான் கண்ணாடியையும் விட்ரிஃபைட் டைல்ஸையும் பிடிக்க வைக்கிறது. எல்லாப் பையும் ஒன்றல்ல. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15477 இவற்றை வகை வகையாகப் பிரிக்கிறது; விலை குறைந்த முதல் வகை உள்வீட்டுத் தரைக்குப் போதும். "வெளிப்புறச் சுவர்", "கண்ணாடி மொசைக்" என்று பையில் அச்சிட்டிருந்தால் மட்டும் நம் வேலைக்கு எடுங்கள். வளையல், நிறக்கண்ணாடி போன்றவை ஒளி ஊடுருவும் என்பதால் வெள்ளை நிறப் பசை வேண்டும். சாம்பல் நிறப் பசை பின்னால் இருந்தால் பச்சை வளையல் சேற்று நிறமாகத் தெரியும்.

அளவு: 3 மி.மீ. கனத்துக்கு ஒரு சதுர அடிக்கு 400 முதல் 450 கிராம் தூள். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய 220–250 மி.லி. தண்ணீர், சரியான அளவு பையில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். முதலில் தண்ணீர், அதன்மேல் தூள். கிளறி ஐந்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி கிளறுங்கள். இந்த இடைவெளியைத் தவிர்த்தால் பாலிமர் சரியாகக் கரையாது, பிடிப்பு குறையும். கலவையைக் கரண்டியால் கிள்ளி நிறுத்தினால் முனை சாயாமல் நிற்க வேண்டும். பிறகு கெட்டியானால் தண்ணீர் விட்டு இளக்காதீர்கள். கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பதே வழி.

சித்திரை, வைகாசி வெயிலில் தடவிய பசை சில நிமிடங்களிலேயே மேலே தோல் கட்டும். விரலால் தொட்டுப் பாருங்கள்: விரலில் ஒட்டினால் சில்லு வைக்கலாம், ஒட்டாவிட்டால் அந்த இடத்தைச் சுரண்டியெடுத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். தோலின் மேல் வைத்த சில்லு இன்றைக்கு அசையாமல் இருக்கும். முதல் மழைக்காலத்தில் கையோடு வரும். ஆகவே உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒரு தடவையில் தடவாதீர்கள். இடையிடையே ஒரு சில்லைப் பெயர்த்துப் பார்த்தால் பின்பக்கம் முழுவதும் பசை படிந்திருக்க வேண்டும். மூலையில் வெற்றிடம் இருந்தால் மழைத்தண்ணீர் தங்குவது அங்கேதான்.

தளம் சிமென்ட் தொட்டியோ, சிமென்ட் பூச்சோ, சிமென்ட் ஃபைபர் போர்டோ ஆகலாம். புதிதாக வார்த்த சிமென்ட் என்றால் 28 நாள் கழித்து ஒட்டுவது நல்லது. வெளிப்புறத் தளத்தில் வெள்ளைப் பசைத் தண்ணீரை முதல் பூச்சாகப் பூசும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம்: மேலே எவ்வளவு நல்ல பசை இருந்தாலும் அடியிலிருக்கும் அந்தப் படலம் மழையில் இளகி, எல்லாவற்றையும் சேர்த்துப் பெயர்த்துவிடும்.

மறைசெலவு மிச்சப் பை. திறந்த பை நம் ஈரக்காற்றில் சில வாரங்களில் கட்டியாகிவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் பையோடு வைத்து இறுக மூடுங்கள். நான்கு சதுர அடிக்கு 2 கிலோதான் தேவை; டைல்ஸ் வேலை நடக்கும் வீட்டில் சொல்லிவைத்து மிச்சத்தை வாங்குவது வீணாவதைத் தடுக்கும். கட்டி தட்டியிருந்தால் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

## வழி 3: கொத்தனார் கை, சிமென்ட் சாந்து

சண்டிகரில் நேக் சந்த் உருவாக்கிய ராக் கார்டனில் உடைந்த வளையலும் பீங்கானும் சிமென்ட் உருவங்களில் பதிந்து வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. வெறும் சிமென்ட்டில் கண்ணாடி நிற்காது என்றோமே, அது எப்படி? பதிக்கும் விதத்தில் இருக்கிறது. தட்டையாகப் படுக்க வைத்த கண்ணாடியைச் சிமென்ட் பிடிக்காது. பாதி புதைந்த வளையலை இரு பக்கமும் கவ்விக்கொள்ளும். பாட்டில் அடிப்பாகம், கோப்பைக் கைப்பிடி, கூழாங்கல், கனமான சீமை ஓட்டுத் துண்டு ஆகியவை இந்த வழிக்கு ஏற்றவை. தட்டையான மெல்லிய சில்லுகளுக்கு இது வேண்டாம்.

1 பங்கு சிமென்ட், 3 பங்கு சலித்த மணல், 12–15 மி.மீ. கனம். ஒவ்வொரு துண்டும் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போக வேண்டும். ஓட்டுத் துண்டுகளை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்து மேல் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். காய்ந்த ஓடு சாந்தின் தண்ணீரைக் குடித்துவிட்டால் சுற்றிலும் சாந்து பொடியாகும். அரை மணி நேரத்தில் பதிக்க முடிந்த பரப்புக்கு மட்டும் சாந்து போடுங்கள். மறுநாளிலிருந்து 7 நாள் ஈரச் சாக்கு போட்டு நனைக்க வேண்டும்.

செலவு குறைவு என்று தோன்றும். கொத்தனார் நாள்கூலியைச் சேர்த்தால் சிறிய வேலைக்கு டைல் பசையைவிட அதிகமாகிவிடும். வீட்டில் வேறு பூச்சு வேலை நடக்கும்போது கூடவே செய்தால்தான் லாபம்.

## வழி 4: எபாக்ஸியும் சிலிக்கானும்

பித்தளைத் துண்டு, பழைய சாவி, குத்துவிளக்கின் உடைந்த பாகம், உலோகத் தட்டு ஆகியவற்றுக்கு எபாக்ஸிதான்: அரால்டைட் போல, இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலந்து ஒட்டும் பசை. சின்னக் குழாய்களில் விலை கூடுதல். வெயில் நேரடியாகப் பட்டால் மஞ்சளாகும். ஆகவே நிறமற்ற கண்ணாடிக்குப் பின்னால் வேண்டாம். நிறையக் கலந்தால் தானே சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகளுக்குச் சிலிக்கான். சிமென்ட்டின் காரம் அந்தக் கண்ணாடியின் பின்பூச்சை அரித்துக் கறுப்புப் புள்ளிகளாக்கும். புளிக்காடி (வினிகர்) வாசனை அடிக்கும் சிலிக்கானும் அதையே செய்யும். "நியூட்ரல்" என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | வெள்ளைப் பசை | டைல் பசை | சிமென்ட் சாந்து | எபாக்ஸி |
|---|---|---|---|---|
| நேரடி மழை | தாங்காது | தாங்கும் | தாங்கும் | தாங்கும். வெயிலில் மஞ்சளாகும் |
| தட்டைக் கண்ணாடிச் சில்லு | பிளைவுட் மேல் சரி | சரி, வெள்ளை நிறம் | பிடிக்காது | சரி |
| சிப்பி | உள்வீட்டில் மட்டும் | சரி | கனமான சிப்பிக்குச் சரி | செலவு அதிகம் |
| திருத்த அவகாசம் | தாராளம் | 10–20 நிமிடம், கோடையில் குறையும் | அரை மணி | வகையைப் பொறுத்து 5 நிமிடம் முதல் |
| கிரவுட்டுக்கு முன் | 1–3 நாள் | 1 நாள் | பெரும்பாலும் கிரவுட் வேண்டாம் | 1 நாள் |
| மறைசெலவு | மரைன் பிளைவுட், எடை | மிச்சப் பை | நாள்கூலி | சிறு குழாய் விலை |

## இடம் வாரியாக

மண்தொட்டி. அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். தொட்டிச் சுவர் இயல்பாகவே ஈரத்தை வெளியே விடும். வெளிப்புறத்தை மொசைக்கால் மூடிவிட்டால் அந்த ஈரம் சில்லுக்குப் பின்னால் வந்து நிற்கும்; உரத்தின் உப்பும் போர்த் தண்ணீரின் உப்பும் அங்கேயே படியும். பசை எதுவானாலும் உதிரும். எனவே தொட்டியைக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, உள்பக்கம் சிமென்ட் சேர்ந்த வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் கிடைவாக்கில், இரண்டாவது செங்குத்தாக. அடித்துளையின் உள்விளிம்பையும் விடாதீர்கள், துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். இதைவிட எளிது, செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து அதை மண்தொட்டிக்குள் இறக்கிவிடுவது. வெள்ளை உப்புப் பட்டை கட்டிய பழைய தொட்டியை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

வளைந்த பரப்பில் 2 செ.மீ.க்கு மேற்பட்ட தட்டைச் சில்லு உட்காராது, ஓரம் தூக்கும். கீழிருந்து மேலாக ஒட்டினால் வழுக்காது. தரையில் உராயும் அடி 2 செ.மீ.யை வெறுமையாக விடுங்கள்.

துளசி மாடம். தினமும் தண்ணீர், தினமும் எண்ணெய். டைல் பசைதான், மண் இருக்கும் குழிக்கு உள்பூச்சு கட்டாயம். விளக்கு மாடத்தைச் சுற்றிக் கண்ணாடியோ எபாக்ஸியோ வேண்டாம்: சூட்டில் கண்ணாடி விரிசல் விடும், எபாக்ஸி இளகும். அங்கே பெரிய டைல்ஸ் துண்டுகளைக் குறுகிய இடைவெளியில் வைத்தால் எண்ணெய்க் கறை பிடிக்கும் கிரவுட் குறையும்.

பழைய திண்ணைச் சுவர், கிணற்றுக் கைப்பிடிச் சுவர். கையால் தேய்த்தால் பொடி வருகிறதா பாருங்கள். வந்தால் நேரடியாக ஒட்டாதீர்கள். பசை சுண்ணாம்புப் பொடியைத்தான் பிடிக்கும், சுவரை அல்ல. 8 அல்லது 10 மி.மீ. சிமென்ட் போர்டில் மொசைக்கை முடித்து, துருப்பிடிக்காத ஸ்குரூவால் பொருத்துங்கள். சுவர் ஈரம் பின்னால் காற்றில் உலர, போர்டுக்கும் சுவருக்கும் இடையே வாஷர் வைத்துச் சிறு இடைவெளி விடுங்கள்.

தோட்டத்து நடைக்கல். வழி 3. ஓர் அடி விட்டம், 5 செ.மீ. கனமுள்ள கல்லுக்கு ஏறக்குறைய 2 கிலோ சிமென்ட், 5½ முதல் 6 கிலோ மணல். எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் பேசினே அச்சு, நடுவில் கோழிவலைத் துண்டு. வெறுங்காலோடு நடக்கும் வீடுகள் இவை. கண்ணாடி, வளையல், நீட்டிய சிப்பி எதுவும் கூடாது. பளபளப்பான துண்டுகள் பாதிப் பரப்புக்கு மேல் போனால் மழையில் வழுக்கும். கல்லுக்கு அடியில் 5 செ.மீ. மணல் போடாமல் களிமண்ணில் நேரே வைத்தால், கோடை வெடிப்பிலும் மழை உப்பலிலும் கல் சாய்ந்து உடையும்.

## சில்லுகளை ஆயத்தம் செய்வது

வளையலின் நிறம் கண்ணாடிக்குள் இருக்கிறதா, மேலே பூசியதா என்று நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பூச்சு என்றால் கிரவுட் துடைக்கும்போதே போய்விடும். உடைக்கும்போது தடித்த துணிக்குள் வைத்து நிப்பரால் (வெட்டும் குறடு) கடியுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

சிப்பியை நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, நிழலில் காயவையுங்கள். உள்குழியைப் பசையால் நிரப்பி ஒட்டுங்கள். வெற்றாக விட்டால் தட்டினால் நொறுங்கும், தண்ணீரும் தங்கும்.

டைல்ஸ் துண்டு எவ்வளவு வேண்டும் என்பதற்குச் சுலபக் கணக்கு: இடைவெளி மிச்சப்படுத்துவதும் உடைப்பில் வீணாவதும் சரிக்குச் சரி. ஒரு சதுர அடி வேலைக்கு ஒரு சதுர அடி டைல்ஸ்.

## கிரவுட்

ஒரு சதுர அடிக்குச் சுமார் 200 கிராம். இடைவெளி 3 மி.மீ.க்குள் என்றால் மணல் இல்லாதது, அதற்கு மேல் மணல் கலந்தது. வெறும் வெள்ளை சிமென்ட்டைக் குழைத்து நிரப்புவது மலிவு. அகலமான இடைவெளியில் அது விரிசல் விட்டுப் பொடியாகும். வெளியே வெள்ளை நிறம் வேண்டாம். மழைத்தெறிப்பில் கறுத்த மண் படிந்து ஒரே பருவத்தில் அழுக்காகிவிடும். சாம்பலோ செங்காவியோ பொருந்தும். சீமை ஓடு இருந்தால் அதன் முகத்துக்கு முன்னதாகவே சீலர் (உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு) அடியுங்கள், இல்லாவிட்டால் கிரவுட் நிறம் ஊறி நிரந்தரக் கறையாகும்.

பூசி 15–30 நிமிடத்தில், பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். மறுநாள் மிஞ்சும் வெண்படலத்தைக் காய்ந்த துணியால் தேய்த்தால் போகும். பாத்ரூம் ஆசிட்டை எடுக்காதீர்கள். சிப்பி சுண்ணாம்புப் பொருள். ஆசிட் பட்ட இடத்தில் நுரைத்துப் பளபளப்பை இழக்கும், கிரவுட்டும் அரிக்கும்.

கிரவுட் பூசுவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு சில்லையும் நாணய விளிம்பால் தட்டிக் கேளுங்கள். "டக்" என்று கெட்டியாகக் கேட்டால் சரி. "டொக்" என்று வெற்றொலி வந்தால் பின்னால் பசை இல்லை. அதை அப்போதே பெயர்த்து, அடியைச் சுரண்டி, மறுபடி ஒட்டிவிடுங்கள். கிரவுட் போட்டபின் அதே ஒரு சில்லை எடுக்கச் சுற்றிலுமுள்ள நான்கைந்தையும் உடைக்க வேண்டிவரும்.